கால் சிரைக்குள் எந்த ஸ்டென்ட்?

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. வெறும் உலோகத்தால் ஆனது 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய், வரி தனி. அதுவரை மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் பில் வந்துகொண்டிருந்ததால் அது பெரிய செய்தியானது. பிறகு உச்ச விலை சில முறை திருத்தப்பட்டது. ஆனாலும் ஒன்று மற்றதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் என்ற நிலை மட்டும் மாறவில்லை. காப்பீட்டு அட்டை உள்ளவருக்கு இது பெரிய கவலை இல்லை. கைக்காசு போட்டுச் செய்துகொள்கிறவர் வீட்டில் கேள்வி வரும். அந்தக் கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது?

முதன்முறையாக மாரடைப்பு வந்து, தன்னுடைய சொந்த இதயத் தமனியில் அடைப்பு இருப்பவருக்குப் பதில் சுலபம். மருந்து பூசியதுதான் நல்லது. அங்கே வழக்கு முடிந்து பல வருடங்கள் ஆகின்றன. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இருந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு பைபாஸ் செய்துகொண்டவர், இப்போது மாடிப்படி ஏறினால் மறுபடி நெஞ்சை அடைக்கிறது என்று ஜிப்மருக்கோ சென்னைக்கோ கிளம்பினால், அவர் விஷயம் வேறு. "நல்ல ஸ்டென்ட்டா வச்சிடுங்க சார், காசு பார்க்க வேணாம்" என்று மகன் சொல்வார். அவர் அப்பாவுக்கு அடைத்திருப்பது அப்பாவின் இதயத் தமனி இல்லாமல் இருக்கலாம். பைபாஸின்போது காலில் இருந்து எடுத்து வைத்த குழாயாக இருக்கலாம். அந்தக் குழாய்க்குள் மருந்து பூசிய ஸ்டென்ட்டும் பூசாத ஸ்டென்ட்டும் மோதிய கதை சுவாரசியமானது. விடையைவிட, விடை எப்படித் திரும்பித் திரும்பி மாறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பைபாஸ் செய்துகொண்டவர் வீட்டில் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். அதில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். 'லிமா டு எல்.ஏ.டி., எஸ்.வி.ஜி. டு ஓ.எம்., எஸ்.வி.ஜி. டு ஆர்.சி.ஏ.' என்பது போல இருக்கும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று தமனிகளுக்கு மூன்று மாற்று வழிகள் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். லிமா என்பது மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் ஒரு தமனி. அதன் கீழ்முனையை மட்டும் வெட்டி, இதயத்தின் முன்பக்கத் தமனியில் தைத்துவிடுவார்கள். எஸ்.வி.ஜி. என்பது கணுக்காலில் இருந்து தொடை இடுக்கு வரை காலின் உட்புறமாக ஓடும் நீண்ட சிரை. ஊரில் 'கால் நரம்பை எடுத்து வச்சாங்க' என்பார்கள். நரம்பு இல்லை, ரத்தக்குழாய்தான். அதை எடுத்துவிட்டாலும் தசைகளுக்குள் ஓடும் ஆழ்சிரைகள் காலின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு காலிலேயே இரண்டு மூன்று வழிகளுக்குப் போதுமான நீளம் கிடைக்கும்.

காலின் சிரையை இதயத்துக்குக் கொண்டுபோகும் யோசனையை நிலைநிறுத்தியவர் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 1967 மே மாதம் தொடங்கினார். எட்டு வருடத்தில் அது நம் ஊருக்கு வந்துவிட்டது. இந்தியாவின் முதல் பைபாஸை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். விழுப்புரம் ரயில்வே ஜங்ஷன் ஊர். இங்கிருந்து பெரம்பூருக்கு வைத்தியத்துக்குப் போய்வந்த ரயில்வே குடும்பங்களுக்கு அந்த ஆஸ்பத்திரியின் பெயர் புதிதல்ல.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? சிரை என்பது ரத்தம் மெதுவாகத் திரும்பி வரும் வழி. படுத்திருக்கும்போது அதில் இருக்கும் அழுத்தம் சில மில்லிமீட்டர் பாதரசம்தான். அதை எடுத்து, மேலே 120, கீழே 80 என்று அழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில், நாளைக்கு ஒரு லட்சம் துடிப்புகளைத் தாங்கும்படி தைத்துவிடுகிறோம். விழுப்புரம் பக்கம் கரும்புக் கொல்லையில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். வரிசைக்கு வரிசை போகிற மெல்லிய கறுப்பு டியூபைக் கழற்றி, மோட்டாரின் டெலிவரி வாயிலேயே நேராக மாட்டினால் என்ன ஆகும்? உடனே வெடிக்காமல் போகலாம், ஆனால் நாள்பட அது பழைய டியூபாக இருக்காது. இந்த உதாரணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கட்டுரை முழுக்க இது ஒன்றே போதும்.

உடம்பு கறுப்பு டியூபைப் போலச் சும்மா இருப்பதில்லை. அழுத்தம் கூடியதும் சிரை தன்னைத் தமனியாக மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. முதல் மாதத்தில் தையல் போட்ட இடத்திலும், எடுக்கும்போது உரசல் பட்ட உட்சுவரிலும் ரத்தம் உறையலாம். முதல் வருடத்தில் சுவருக்குள் இருக்கும் தசைச் செல்கள் பெருகி உட்சுவரைத் தடிக்கவைக்கின்றன. அதற்கு மேல் வருடக்கணக்கில், அந்தத் தடிப்பின்மீது கொழுப்பு இறங்குகிறது. பத்து வருட முடிவில் ஏறத்தாழப் பாதி கால் சிரைக் குழாய்கள் முழுக்க அடைத்தோ மோசமாகச் சுருங்கியோ போயிருக்கும். அதே பத்து வருடத்தில் லிமா நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் திறந்தே இருக்கும். ஒரே நெஞ்சு, ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை நோய். வேறுபாடு குழாயில்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சொந்தத் தமனியில் படியும் கொழுப்புக்கு மேலே பெரும்பாலும் நார்த்திசுவால் ஒரு மூடி இருக்கும். கால் சிரையில் படிவதற்கு அந்த மூடி மெல்லியது, பல இடங்களில் இல்லவே இல்லை. சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாவதும் குறைவு. குழாயின் சுற்றளவு முழுக்க, நீளம் முழுக்க, தொட்டால் உதிரும் குழைவாக அது படிந்திருக்கும். அதற்குள் கம்பியை விட்டு, பலூனை ஊதி, உலோக வலையை விரிப்பது என்பது, பாசியும் சேறும் ஒட்டிய பழைய சொட்டுநீர்க் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்துவதுதான். குழாய் என்னவோ திறந்துவிடும். உதிர்ந்த சேறு எங்கே போகும்? வரிசைகளின் கடைசியில் இருக்கும் டிரிப்பர்களுக்கு. அங்கே ஒவ்வொரு துளையையும் அடைக்கும். மெயின் குழாயில் தண்ணீர் இருக்கும், பயிர் வாடும். இதயத்திலும் இதே நடக்கிறது. ஆஞ்சியோ படத்தில் குழாய் அழகாக விரிந்து தெரியும், ஆனால் படத்துக்காகச் செலுத்திய சாயம் அதற்கப்பால் நகராது. தசைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் துகள்களால் அடைபட்டு, கூடவே இறுகியும் போயிருக்கும். திறக்கப் போன இடத்திலேயே சிறு மாரடைப்பு.

அப்படியானால் மறுபடி நெஞ்சைத் திறந்து புதுக் குழாய் வைக்கலாமே? செய்கிறார்கள், ஆனால் தயங்கித்தான். முதல் அறுவையின் தழும்பில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிமா மார்பெலும்பின் பின்புறம் ஒட்டியிருந்தால், எலும்பை அறுக்கும்போதே ஆபத்து. ஆகவே பெரும்பாலோர் ஸ்டென்ட்டுக்கு வருகிறார்கள். அமெரிக்கப் பதிவேடு ஒன்றின் கணக்குப்படி, அங்கே நடக்கும் நூறு ஸ்டென்ட் சிகிச்சைகளில் ஏறக்குறைய ஆறு இப்படிப் பைபாஸ் சிரைக்குள் நடப்பவை.

முதலில் வெறும் பலூன்தான் இருந்தது. ஆந்திரேயாஸ் குருன்சிக் 1977 செப்டம்பரில் சூரிக் நகரில் முதல்முறையாக இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். பின்னாளில் அமெரிக்காவில் அவரிடம் பயின்று திரும்பிய டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் சென்னை அப்பல்லோவில் இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். அதே 1986இல்தான் ஐரோப்பாவில் மனித இதயத்துக்குள் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. விரித்த இடம் திரும்பச் சுருங்காமல் முட்டுக் கொடுக்கும் உலோக வலை. கால் சிரையில் அது பலூனைவிட மேலா என்று பார்த்த ஆய்வு 1997இல் வெளியானது. நோயாளிகள் 220 பேர். படத்தில் தெரியும் மறுசுருக்கம் பலூனில் நூற்றுக்கு 46, ஸ்டென்ட்டில் 37. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று கணக்கு சொன்னது. ஆனால் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை எதுவும் இல்லாமல் தப்பியவர்கள் ஸ்டென்ட் தரப்பில் 73, பலூன் தரப்பில் 58. ஸ்டென்ட் நிலைத்துவிட்டது.

உதிரும் சேற்றுக்கு என்ன செய்வது? கொல்லையில் என்றால் ஃபில்டர் போடுவோம். இதயத்தில் வேலை செய்யும் மருத்துவர்களும் அதையே நினைத்தார்கள், இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். நம் ஃபில்டர் மோட்டார் பக்கத்தில் இருக்கும், அவர்களுடையது அடைப்பைத் தாண்டி, கீழ்ப்புறத்தில் நிற்கவேண்டும். ஒரு வகையில் கம்பியின் நுனியில் சின்ன வலைக்குடை விரியும், வேலை முடிந்ததும் துகள்களோடு சேர்த்து மடக்கி வெளியே இழுத்துவிடுவார்கள். இன்னொரு வகையில் கீழ்ப்புறத்தில் ஒரு பலூனை ஊதி ஓட்டத்தையே சில நிமிடம் நிறுத்தி, கலங்கிய ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திறப்பார்கள். இந்த இரண்டாம் வகையை 801 பேரிடம் சோதித்த ஆய்வு 2002இல் வந்தது. முப்பது நாளுக்குள் பெரிய கேடு நேர்ந்தவர்கள் 16.5 சதவீதத்தில் இருந்து 9.6 சதவீதமாகக் குறைந்தார்கள். இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான லாபம் அபூர்வம். ஆனாலும் எல்லா அடைப்புக்கும் வலை பொருந்தாது. கீழே வலையை விரிக்க நேரான இடம் வேண்டும், மேலும் அதற்கே தனி விலை. நடைமுறையில் பல இடங்களில் அது இல்லாமலேதான் வேலை நடக்கிறது.

இன்னொரு யோசனை காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. உலோக வலைக்கு மேல் டெஃப்லான் சவ்வைப் போர்த்திவிட்டால், சேறு சவ்வுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும், உதிராது, வலைக்கண் வழியாகத் தசை வளரவும் முடியாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 2000களின் தொடக்கத்தில் பல ஆய்வுகள் செய்து பார்த்தார்கள். லாபம் இல்லை. சிலவற்றில் மாரடைப்பு கூடவே செய்தது. போர்த்திய ஸ்டென்ட்டுக்கு இன்று வேறு வேலை, சிகிச்சையின்போது கிழிந்துபோன குழாயின் ஓட்டையை அடைக்க மட்டும் அலமாரியில் காத்திருக்கிறது.

இனி மருந்து பூசியது. உலோக வலை குழாயைத் திறந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் பலூன் அழுத்தியதில் சுவர் காயப்பட்டிருக்கும். காயத்தை ஆற்றுகிறேன் என்று தசைச் செல்கள் பெருகி, வலைக்கண்கள் வழியாக உள்ளே புகுந்து மறுபடி வழியைக் குறுக்கும். சில மாதங்களில் வரும் இந்த மறுசுருக்கத்தைத் தடுக்க, செல் பிரிவதையே நிறுத்தும் மருந்தை உலோகத்தின்மேல் பூசி, மெல்ல மெல்ல வெளியேறும்படி செய்தார்கள். அதில் முக்கியமான மருந்து சிரோலிமஸ். பசிபிக் கடலில் ஒதுங்கிக் கிடக்கும் ஈஸ்டர் தீவில் கனடாக் குழு ஒன்று 1964இல் அள்ளி வந்த மண்ணில் வாழ்ந்த பாக்டீரியா தந்தது அது. அதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த சுரேந்திர நாத் சேகல். நிறுவனம் மாண்ட்ரியல் ஆய்வகத்தை மூடி அந்த வேலையையே கைவிட்டபோது, மருந்து சுரக்கும் பாக்டீரியாவைச் சின்னக் குப்பிகளில் வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டுப் பொருட்களோடு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் என்பது பிரபலமான கதை. முதலில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நோயாளிகளுக்குப் பயன்பட்டது. 2003இல் அது பூசிய ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சேகல் இறந்ததும் அதே ஆண்டில்தான். இன்று சூரத்தில் தயாராகும் ஸ்டென்ட்டின் கம்பிகூட 60 மைக்ரான் தடிமன்தான் இருக்கிறது, தலைமுடியின் அளவு. தொடக்ககாலத்தது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

சொந்தத் தமனியில் இவ்வளவு நன்றாக வேலை செய்வது கால் சிரையிலும் செய்யாதா? இங்கேதான் ஆய்வுகள் வரிசையாக வந்து ஒன்றை ஒன்று மறுத்துக்கொண்டன.

பெல்ஜியத்தில் 75 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 38 பேருக்குச் சிரோலிமஸ் பூசியது, 37 பேருக்கு வெறும் உலோகம். குலுக்கல் எதற்கு என்றால், மருத்துவர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்தால் வசதியான, ஓரளவு நலமாக இருக்கும் நோயாளிக்கு விலை உயர்ந்ததும், நொந்துபோனவருக்கு மற்றதும் போய்ச் சேரும். பிறகு எது ஜெயித்தாலும் ஸ்டென்ட் ஜெயித்ததா நோயாளி ஜெயித்தாரா என்று சொல்லமுடியாது. ஆறு மாதத்தில் எல்லோருக்கும் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். மருந்து பூசியதில் மறுசுருக்கம் தெளிவாகக் குறைவு. 2006இல் நல்ல செய்தி. அடுத்த வருடம் அதே குழு அதே நோயாளிகளை மறுபடி தேடிப் போனது. ஏறக்குறைய மூன்று வருடம் ஆகியிருந்தது. மருந்து பூசிய தரப்பில் 11 பேர் இறந்திருந்தார்கள். வெறும் உலோகத் தரப்பில் ஒருவர்கூட இல்லை.

உலகம் பயந்துவிட்டது, பயப்படவேண்டிய எண்ணிக்கைதான். ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். அந்த 11 மரணங்களில் சில இதயத்தால் வந்தவை அல்ல. அதைவிட, பைபாஸ் செய்து வருடங்கள் கழித்து அதுவும் அடைத்துப்போய் வந்த 37 முதியவர்களில் மூன்று வருடத்தில் ஒருவரும் சாகவில்லை என்பதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. எதிர்பார்க்கும் நிலைக்கு மாறாக நிற்பது 11 இல்லை, பூஜ்யம். சிறு கூட்டத்தில் குலுக்கல் போட்டால் இப்படி ஒருபக்கச் சாய்வு வரும். அது உண்மையா தற்செயலா என்று அறிய ஒரே வழி, வேறு கூட்டங்களிலும் பெரிய கூட்டத்திலும் திரும்பச் செய்வது.

செய்தார்கள். அமெரிக்கக் குழு ஒன்று 80 பேரிடம் வேறொரு மருந்து பூசிய ஸ்டென்ட்டைச் சோதித்ததில், 2009இல் வந்த முடிவின்படி, வெறும் உலோகம் வைத்த இடங்களில் நூற்றுக்கு 51 திரும்பச் சுருங்கின, மருந்து பூசியதில் வெறும் 9. ஜெர்மனியில் 610 பேர். 2011 முடிவு: ஒரு வருடத்துக்குள் மரணம், மாரடைப்பு, அதே இடத்தில் மறுசிகிச்சை இவற்றில் ஏதாவது நேர்ந்தவர்கள் மருந்து பூசிய தரப்பில் 15 சதவீதம், மற்றதில் 22. மரணத்தில் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. சரி, வழக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஜெர்மானியர்கள் பொறுமைசாலிகள். ஐந்து வருடம் காத்திருந்து 2018இல் அதே 610 பேரின் கணக்கை மறுபடி வெளியிட்டார்கள். மருந்து பூசிய தரப்பில் 55.5 சதவீதம், வெறும் உலோகத் தரப்பில் 53.6. ஓட்டத்தில் முன்னால் போனவனை மற்றவன் எட்டிப் பிடித்துவிட்டான். இரண்டு தரப்பிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஐந்தே வருடத்தில் ஏதோ ஒரு பெரிய கேடு நேர்ந்திருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். ஸ்டென்ட் ஒப்பீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிற எண் அதுதான்.

அதே 2018 மே மாதம் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 25இல் நடந்த பெரிய ஆய்வும் வெளிவந்தது. 597 பேர், ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெரும்பாலும் இரண்டாம் தலைமுறை மருந்து ஸ்டென்ட்டுகள், அதாவது முந்தியதைவிட மேம்பட்டவை. ஒரு வருடத்தில் இதய மரணம், அந்தக் குழாயால் வந்த மாரடைப்பு, அந்தக் குழாயில் மறுசிகிச்சை: மருந்து பூசியது 17 சதவீதம், பூசாதது 19. இரண்டே முக்கால் வருடம் போல ஆனபின் 37, 34. வித்தியாசம் இல்லை என்றுதான் இதைப் படிக்கவேண்டும். நூறு பேரில் இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வது, இந்த அளவுக் கூட்டத்தில் காற்று அடித்தாலே நடக்கும்.

முதல் வருடத்திலேயே லாபம் தெரிந்த ஜெர்மன் ஆய்வுக்கும், தெரியாத அமெரிக்க ஆய்வுக்கும் என்ன வேறுபாடு? இரண்டைச் சொல்லலாம். ஒன்று, யார் யாருக்கு எது என்று தெரிந்திருந்ததா என்பது. படைவீரர் ஆய்வில் நோயாளிக்கும், அவரைப் பிறகு பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், விளைவைக் கணக்கெடுத்தவருக்கும் எந்த ஸ்டென்ட் என்று தெரியாமல் மறைத்துவைத்திருந்தார்கள். 'இவருக்கு வைத்தது சாதாரண ஸ்டென்ட்' என்று தெரிந்தால் லேசான நெஞ்சுவலிக்குக்கூட மறுபடி ஆஞ்சியோவுக்கு அனுப்பத் தோன்றும். தோன்றாது என்று யாரும் சத்தியம் செய்யமுடியாது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. பல ஆய்வுகளில் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறெட்டு மாதத்தில் எல்லோருக்கும் ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்பார்கள். படத்தில் சுருக்கம் தெரிந்தால் மருத்துவரின் கை சும்மா இருக்காது, அங்கேயே இன்னொரு ஸ்டென்ட் வைத்துவிடும். அது 'மறுசிகிச்சை' என்று கணக்கில் ஏறும். அந்த நோயாளிக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது, பாராமல் விட்டிருந்தால் அப்படியே இருந்திருப்பார். மறுசுருக்கத்தைத் தடுப்பதில் கெட்டிக்காரனான மருந்து ஸ்டென்ட், இப்படித் தேடிப் பார்க்கும் ஆய்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கும். நோயாளிக்கு என்ன ஆனது என்று மட்டும் பார்க்கும் ஆய்வில் அவ்வளவு வாங்காது.

ஆனால் ஐந்து வருடத்தில் லாபம் கரைந்ததற்கு இது மட்டும் விடையாகாது. மறுபடி கொல்லைக்கு வாருங்கள். பாசி பிடித்த குழாயில் ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு போட்டால், அந்த ஒரு முழம் நன்றாக இருக்கும். மீதிக் குழாய்? கால் சிரையில் ஸ்டென்ட் வைக்காத பகுதிகளில் நோய் தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறது. மருந்து, பூசிய இடத்தில் சில மாதங்கள்தான் வேலை செய்யும். முதல் வருடத்தில் வரும் கேடுகள் பெரும்பாலும் ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே வருபவை. அதில் மருந்து உதவும். பிறகு வருபவை குழாயின் வேறு இடங்களில், அல்லது வேறு குழாய்களில், அல்லது இதயத்துக்கே சம்பந்தமில்லாமல் வருபவை. அதற்கு எந்தப் பூச்சும் பதில் சொல்லாது. இன்னும் சுருங்காத இடங்களிலும் முன்கூட்டியே மருந்து ஸ்டென்ட் வைத்துப் பார்த்தார்களா என்றால், அதையும் பார்த்தார்கள். பலன் நிரூபணமாகவில்லை.

இப்போது மகனின் கேள்விக்கு வரலாம். மருந்து பூசியதை வைத்தால் தவறு ஒன்றும் இல்லை. பெல்ஜியம் கிளப்பிய மரண பயம் பெரிய ஆய்வுகளில் நிற்கவில்லை. முன்பெல்லாம் வெறும் உலோகத்துக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் இருந்தது. மருந்து, உலோகத்தின்மேல் புதுத்தோல் மூடுவதையும் தாமதப்படுத்தும், ஆகவே ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரையையும் மாதக்கணக்கில் சேர்த்துச் சாப்பிடவேண்டும். அல்சர் உள்ளவர், அடுத்த மாதம் வேறு ஆபரேஷன் இருப்பவர், மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுபவர் இவர்களுக்கு வெறும் உலோகம்தான் பத்திரம் என்றார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வு, ரத்தக்கசிவு ஆபத்துள்ள 2,466 பேரிடம், ஒரே மாதம் மட்டும் இரட்டை மாத்திரை கொடுத்தும் மருந்து பூசியதே மேல் என்று காட்டியது. அது முக்கியமாகச் சொந்தத் தமனிகளைப் பற்றியது. ஆனாலும் அதோடு வெறும் உலோகத்துக்கான கடைசி இடமும் போய்விட்டது. இன்று ஆஞ்சியோ செய்யும் பல கேத் லேப் அறைகளின் அலமாரிகளில் அதைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் காசு பார்க்காமல் கேட்கவேண்டிய வேறு கேள்விகள் இருக்கின்றன. வலைக்குடை போட இடம் இருக்கிறதா, உங்களிடம் அது இருக்கிறதா என்பது ஒன்று. அந்தச் சிரையைத் தொடத்தான் வேண்டுமா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் இன்று மருத்துவர்கள் கூடும் இடங்களில் சூடாக விவாதிக்கப்படுவது.

பைபாஸ் போட்டபோது அடைபட்ட சொந்தத் தமனி அப்படியே அங்கேயேதான் இருக்கிறது. பத்து வருடம் முன்பு அதைக் கம்பியால் திறக்கமுடியாது என்றோ, மூன்று குழாயும் அடைத்திருந்ததால் அறுவையே நல்லது என்றோ முடிவு செய்திருப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் கம்பிகளும் கைகளும் தேறிவிட்டன. ஆகவே முடிந்த இடத்தில் கால் சிரையை விட்டுவிட்டுச் சொந்தத் தமனியையே திறக்கலாம் என்று 2021இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. தமனிச் சுவரில் ஸ்டென்ட் அதிக நாள் தாங்கும் என்பது அதன் நியாயம். அந்தப் பரிந்துரை பெரும்பாலும் குலுக்கல் இல்லாத, பதிவேடுகளைப் பார்த்துச் சொன்ன கணக்குகளில் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். பெல்ஜியக் கதைக்குப் பிறகு அப்படிப்பட்ட கணக்கை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்கள்.

வருடக்கணக்கில் முழுதாக அடைத்துக் கல்லாகிப்போன தமனியை மேலிருந்து மட்டும் துளைக்கமுடியாமல் போவதுண்டு. அப்போது வேறு வழி எடுக்கிறார்கள். நொந்துபோன அதே கால் சிரை வழியாக மெல்லிய கம்பியை இறக்கி, அது தமனியோடு தைக்கப்பட்ட இடம் வரை போய், அங்கிருந்து திரும்பி, அடைப்பைப் பின்புறத்திலிருந்து துளைக்கிறார்கள். முன்னால் இருந்து ஒரு கம்பி, பின்னால் இருந்து ஒரு கம்பி, நடுவில் சந்திக்கும். தமனி திறந்து ஸ்டென்ட் வைத்தபின், இரண்டு வழியிலும் ரத்தம் போட்டிபோட்டு ஓடினால் எதிலும் சரியாக ஓடாது என்பதால், சில சமயம் அந்தப் பழைய சிரையைச் சிறு அடைப்பான் வைத்து வேண்டுமென்றே மூடிவிடுகிறார்கள். இதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும், சாயமும் கதிர்வீச்சும் அதிகம், சிறுநீரகம் நலிந்தவர்களுக்குச் சிக்கல், இதிலேயே பழகிய கைகள் வேண்டும். இந்த வேலைக்கு முதலில் தெரியவேண்டியது எந்தச் சிரை எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்பது. தெரியாவிட்டால் மகாதமனியில் ஒவ்வொரு வாயாகச் சாயம் செலுத்தித் தேடவேண்டியிருக்கும். திண்டிவனத்தில் இருந்து சென்னைக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பிளாஸ்டிக் கவர் இல்லாமல் பஸ் ஏறினால் அந்தத் தேடலுக்கே பாதிச் சாயம் செலவாகும்.